கூபெர்க் தூரத்தில் இருக்கிறது, டம்ப் பக்கத்தில் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவின் லெனேசியா வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும், கோயில் குழுப் பெரியவர்களுக்கும், தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அப்புறம் வாட்ஸ்ஆப் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த ‘கதிர்வீச்சு அபாயம்’ என்ற அறிக்கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கேப் டவுன் பக்கத்துக் கூபெர்க் அணுமின் நிலையம் எந்த நேரமும் அணுகுண்டு மாதிரி வெடிக்கலாம் என்கிறது அது. மைக்ரோவேவில் சூடாக்கிய சோற்றில் கதிரியக்கம் ஏறிவிடுமாம். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதாலேயே மார்பகப் புற்றுநோய் வருமாம். ‘கரண்ட்’, அதாவது கதிர்ச்சிகிச்சை, வைத்துக்கொண்ட நோயாளியின் பக்கத்தில் குழந்தைகளை விடக்கூடாதாம். இந்த அறிக்கைக்குப் பிறகு மண்டபச் சமையலறையிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பை எடுத்துவிட்டீர்கள். கூபெர்க்கை மூடச் சொல்லி ஒரு மனுவுக்குக் கையெழுத்தும் வாங்குகிறீர்கள்.

நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு பக்கங்களில், லெனேசியாவில் குடியிருக்கும் ஒருவர் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய, பக்கத்து டம்புகளில் (தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளில்) இருக்கும் கதிரியக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி விடுபட்டதுதான் என்னை எழுத வைத்தது. நான் ஜோகன்னஸ்பர்க் மருத்துவமனை ஒன்றில் கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள். கதிர்வீச்சோடு தினமும் பழகுகிறவள் என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அளந்து பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

முதலில் அளவு. உலகத்தில் யாரை எடுத்துக்கொண்டாலும், அணு உலையைக் கண்ணால் பார்க்காதவராக இருந்தாலும், இயற்கையிலிருந்து வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு அவர்மேல் படுகிறது. இதைச் சொல்வது ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழு. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியமும் தோரியமும், வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும், நாம் சாப்பிடும் சாப்பாடும்தான் இதற்குக் காரணம். வாழைப்பழத்திலும் பருப்பிலும் உருளைக்கிழங்கிலும் பொட்டாசியம் இருக்கிறது, அதில் ஒரு துளிப் பங்கு பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. பெரியவர் ஒருவரின் உடம்பில் இந்தப் பொட்டாசியத்திலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் 4,000 அணுக்களுக்கு மேல் சிதைகின்றன. பிறந்த நாளிலிருந்து கடைசி மூச்சு வரை இது நடக்கிறது. வாழைப்பழம் கூடுதலாகச் சாப்பிட்டால் இது ஏறிவிடும் என்றும் இல்லை, தேவைக்கு மிஞ்சிய பொட்டாசியத்தை உடம்பு வெளியேற்றிவிடும்.

நாம் இருக்கும் ஊரையே எடுத்துக்கொள்வோம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் டர்பன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனில் காஸ்மிக் கதிர்களால் வருஷத்துக்குச் சுமார் 0.3 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்கு மேலே காற்றுக் கவசம் மெலிதாகிவிடுவதால் இங்கே அது ஒன்றரை மடங்குக்குக் குறையாது. டர்பனை விட்டு இங்கே குடிவந்த குடும்பம் வருஷா வருஷம் வாங்கிக்கொள்ளும் இந்தக் கூடுதல், கூபெர்க் வேலிக்கு வெளியே குடியிருப்பவருக்கு அந்த நிலையத்தால் கிடைப்பதைவிட அதிகம். எந்த ஓர் அணு நிலையமும் பொதுமக்களில் ஒருவருக்கு வருஷத்துக்கு 0.25 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்பது இந்த நாட்டு விதி. கூபெர்க் அன்றாடம் வெளிவிடுவது அதில் ஒரு சிறு பங்குதான்.

அளவோடு வேகத்தையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு படி உப்பைத் தின்பதும், அதே உப்பை வருஷம் முழுக்கச் சாம்பாரில் சேர்த்துக்கொள்வதும் ஒன்றாகுமா? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் புற்றுநோய் கூடுதலாகத் தென்படவில்லை.

சரி, கூபெர்க். கேப் டவுனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், 1980களின் நடுவிலிருந்து இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எரிபொருளில் யுரேனியம்-235 நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. அணுகுண்டுக்குத் தேவைப்படுவது 90 பங்கு அளவில். எனவே உலை குண்டாக வெடிக்க இயற்பியல் இடம் கொடுக்காது. விபத்து நடக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. உலையின் சூடு தணியாமல் எரிபொருள் உருகினால் அயோடின், சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் வெளியே வரலாம். அதற்காகத்தான் அங்கே 5 கிலோமீட்டர், 16 கிலோமீட்டர் என்று அவசரகால வட்டங்கள் போட்டு, சைரன் சோதனை நடத்துகிறார்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் மாத்திரையும் கொடுத்துவைக்கிறார்கள். அந்த மாத்திரை தைராய்டு சுரப்பியை மட்டும்தான் காக்கும். இங்கே லெனேசியாவில் அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லும் அந்த அறிக்கையின் யோசனையால் ஒரு பயனும் இல்லை. தைராய்டு கோளாறு உள்ளவர் அதை விழுங்கினால் கெடுதல்தான்.

செர்னோபில் நடந்தது 1986-இல். கடும் கதிர்வீச்சு நோயால் அந்த வருஷமே 28 பேர் இறந்தார்கள், அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. பாலை உடனே நிறுத்தியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். ஃபுகுஷிமாவில் 2011-இல் நடந்தது வேறு. அங்கே கதிர்வீச்சு கொன்றதைவிட, அவசர அவசரமாக ஊரைக் காலி செய்ததும், முதியோரை மருத்துவமனையிலிருந்து பேருந்தில் ஏற்றி அலைக்கழித்ததும், வருஷக்கணக்கில் வீடில்லாமல் கிடந்ததும்தான் கொன்றன. அந்த மாகாணத்தில் மட்டும் அப்படி இறந்தவர்கள் 2,000 பேருக்கு மேல். பயமும் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மக்கள் ஏன் எதையும் நம்ப மறுக்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நிறவெறி அரசு பெலிண்டாபாவில் யாருக்கும் சொல்லாமல் யுரேனியத்தைச் செறிவூட்டி ஆறு அணுகுண்டுகளைச் செய்து முடித்தது, அப்புறம் அவற்றைக் கழற்றியும் போட்டது. அப்போதைய அதிபர் டி கிளெர்க் அதை நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டது 1993 மார்ச்சில்தான். அப்படிப்பட்ட நாட்டில் வளர்ந்தவர்கள் ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த அவநம்பிக்கையைச் சரியாகப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. ரஷ்யாவோடு போட்ட அணு உலை ஒப்பந்தத்தை 2017-இல் கேப் டவுன் உயர் நீதிமன்றத்தில் தோற்கடித்தார்களே சுற்றுச்சூழல் போராளிகள் மகோமா லெகலகலாவும் லிஸ் மெக்டெய்டும், அவர்களுடைய அமைப்புகள் வழக்கில் வைத்த வாதம் குண்டு வெடிக்கும் என்பதல்ல. நாடாளுமன்றத்தையும் மக்களையும் கேட்காமல் செய்தது சட்டத்துக்கு விரோதம் என்று வாதாடினார்கள். நீங்களும் கூபெர்க்கைப் பற்றிக் கேள்வி கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். புதிய உலைகளுக்கு என்ன செலவாகும், யார் தலையில் விழும், எரிந்து முடிந்த எரிபொருளை நிரந்தரமாக எங்கே புதைக்கப் போகிறார்கள், இவை எல்லாம் நியாயமான கேள்விகள். எரிந்த எரிபொருள் இன்னும் கூபெர்க் வளாகத்திலேயே கிடக்கிறது. இப்போதுள்ள மனுவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி நீளும் விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் தங்கம் இருக்கும் பாறையிலேயே யுரேனியமும் இருக்கிறது. 1886-இலிருந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு, அரைத்த மீதியை மலை மலையாகக் கொட்டினார்கள். 1952-இல் க்ரூகர்ஸ்டார்ப்பில் முதல் யுரேனிய ஆலை திறக்கும் வரை அந்த யுரேனியம் யாருக்கும் வேண்டாத பொருள், தங்கம் போக மிஞ்சிய சக்கையோடு அதுவும் டம்புக்குப் போனது. அதற்குப் பிறகும் முழுக்க எடுக்கப்படவில்லை. இந்த மண்மேடுகளில் இன்னும் சுமார் 6 லட்சம் டன் யுரேனியம் கிடக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கதவில்லை, காவலில்லை, சைரனில்லை. பிள்ளைகள் அட்டையைப் போட்டுச் சறுக்கி விளையாடும் மேடு அது.

இந்த மேடுகளின் ஓரத்தில் யார் குடியமர்த்தப்பட்டார்கள் என்று பாருங்கள். சொவேட்டோவில் கறுப்பின மக்கள், ரிவர்லீயில் கலப்பின மக்கள், இன்னும் தெற்கே 1950களில் நமக்காக ஒதுக்கிய லெனேசியா. காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கத்திலும் தண்ணீர் வடிந்து இறங்கும் பக்கத்திலும் நம்மையெல்லாம் போட்டுவிட்டு, நல்ல பக்கத்தை வெள்ளையர்கள் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரை ஒட்டி ஓடும் க்ளிப் ஆற்றின் சதுப்பு நிலம் சுரங்கத் தண்ணீரில் வந்த உலோகங்களையும் யுரேனியத்தையும் பல பத்தாண்டுகளாகத் தன் மண்ணில் பிடித்துவைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கரிச்சேற்றைத் தோண்டி அடுக்கு அடுக்காக அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சதுப்பு காய்ந்தாலோ தீப்பிடித்தாலோ அத்தனையும் மறுபடி வெளியே வரக்கூடும். க்ரூகர்ஸ்டார்ப்பில் 2002-இல் கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து அமிலத் தண்ணீர் பொங்கி வழிய ஆரம்பித்ததும், டியூடர் ஷாஃப்ட் என்ற குடிசைப் பகுதி சுரங்கக் கழிவின் மேலேயே எழுந்து நின்றதும் உங்களில் பலருக்குத் தெரியும். அங்கிருந்த மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமே சொல்ல நேர்ந்தது.

கருநாகப்பள்ளியில் ஆகாதது இங்கே ஏன் ஆகும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கடற்கரை மணலில் இருக்கும் தோரியத்தின் கதிர் பெரும்பாலும் வெளியிலிருந்து உடம்பைத் தொட்டுவிட்டுப் போகிறது. டம்பின் தூசியோ மாவு மாதிரி அரைபட்டது, மூச்சோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. யுரேனியமும் ரேடியமும் விடும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளோ நம் தோலோ தடுத்துவிடும். நுரையீரலுக்குள்ளே தடுக்க எதுவும் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூசியில் யுரேனியத்தைவிட முந்திக்கொண்டு நுரையீரலைக் கெடுப்பது சிலிக்கா. கூடவே ஆர்செனிக்கும் ஈயமும் இருக்கின்றன. சுரங்கத்துக்குள் சிலிக்காவைச் சுவாசித்து நோயாளிகளான தொழிலாளர்களுக்காக 2018-இல் ஏற்பட்டு 2019-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை மட்டும் சுமார் 500 கோடி ராண்ட். ஆக, டம்பை எதிர்ப்பதற்குக் கதிர்வீச்சு என்ற ஒரே காரணத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதுமான அளவு கோபம் வரும்.

அப்புறம் ரேடான். ரேடியம் சிதைந்து வரும் வாயு இது, நிறமோ மணமோ கிடையாது. மண்ணிலிருந்து தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும். மேலே சொன்ன 2.4 மில்லிசீவர்ட்டில் ஏறக்குறைய பாதி இந்த ஒன்றிலிருந்து வருகிறது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்கு (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) கீழே இருக்கட்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நம் ஊரில் ஜூன், ஜூலை குளிரில் எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஹீட்டரைப் போட்டுப் படுக்கிறோம், ரேடான் தேங்குவதற்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை. கண்டுபிடிப்பதும் சுலபம்தான். டப்பி அளவில் ஒரு கருவியை மூன்று மாதம் அலமாரியில் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினால் எண் வந்துவிடும். எண் கூடுதலாக இருந்தால் தரை வெடிப்பை அடைப்பதும், காற்றோட்டம் வைப்பதும் பெரும்பாலும் போதும். புகைபிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு, ஏனென்றால் ரேடானும் புகையும் சேர்ந்து நுரையீரலைத் தாக்குகின்றன. புகையிலைப் புகையிலேயே பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளும் இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிக்கும் இளைஞர்களிடம் இதைச் சொல்லுங்கள், மைக்ரோவேவைத் திருப்பி வையுங்கள். அந்த அடுப்பும் செல்ஃபோன் கோபுரமும் விடும் அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு கிடையாது. சோறு சூடாகும், அவ்வளவுதான்.

கடைசியாக என் வேலையோடு சேர்ந்த விஷயம், எனக்கு அதிகமாக வலிப்பதும் இதுதான்.

மார்பில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மார்பைக் காப்பாற்றிக்கொண்ட பெண்களுக்கு அறுவைக்குப் பிறகு கதிர்ச்சிகிச்சை கொடுக்கிறோம். அது பத்து ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. அந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிற அம்மாக்களை நான் பார்க்கிறேன். பேரப்பிள்ளையைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று அழுகிறார்கள். வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கொடுக்கும் சிகிச்சையில் இயந்திரத்தை அணைத்த நொடியே கதிர் நின்றுவிடும். நோயாளியின் உடம்பில் எதுவும் தங்காது. அறையை விட்டு வெளியே வந்த உடனே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். தைராய்டுக்காக அயோடின்-131 விழுங்கியவர்கள் மட்டும் சில நாள் விலகி இருக்க வேண்டும், அதை மருத்துவமனையே எழுதிக் கொடுக்கும். மேமோகிராமின் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட், இயற்கையில் இரண்டே மாதத்தில் கிடைப்பது. அதற்குப் பயந்து கட்டியை முற்றவிட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது குறைந்துபோகிறது. இதற்கு நேர்மாறாக, வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்றே 10 மில்லிசீவர்ட் வரை போகும். ‘இது அவசியம்தானா டாக்டர், அல்ட்ராசவுண்டில் முடியாதா’ என்று அங்கே கேட்பது நல்லது. ஆனால் தேவை என்று சொன்னால் மறுக்காதீர்கள்.

பெலிண்டாபா என்றால் குண்டு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே 1965-இலிருந்து ஓடும் சஃபாரி-1 ஆராய்ச்சி உலையில்தான் மருத்துவத்துக்கான மாலிப்டினம்-99 தயாராகிறது. அதிலிருந்து கிடைக்கும் டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எலும்புக்கும் இதயத்துக்கும் ஸ்கேன் எடுத்துக்கொண்ட நம் பெரியவர்கள் பலருடைய இரத்தத்தில் அது ஒரு நாள் ஓடியிருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். பலகையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்துவிட்டு, அதைப் பகிர்ந்த அதே வாட்ஸ்ஆப் குழுக்களில் மேமோகிராமையும் கதிர்ச்சிகிச்சையையும் பற்றிய திருத்தத்தைப் போடுங்கள். இது ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் செஞ்சூரியனில் இருக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகட்டும். நம் வட்டாரத்துத் தூசியிலும் க்ளிப் ஆற்றின் சேற்றிலும் என்ன இருக்கிறது என்று அளந்து, முடிவை மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிடச் சொல்லுங்கள். சொவேட்டோவிலும் ரிவர்லீயிலும் டம்புகளுக்கு எதிராக ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் மக்களோடு அந்தக் கடிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் போட்டால் ஒரு சமூகத்தின் புகார் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். மீதித் தங்கத்துக்காகப் பழைய டம்புகளை மறுபடி கிளறும்போது தண்ணீர் தெளிக்கிறார்களா, மேட்டில் புல் வளர்க்கிறார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட அந்தக் கதிரியக்கச் சின்னத்தைக் காட்டிக் கொடுங்கள். நம் வட்டாரத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குக் குறைவில்லை. பிரேசிலின் கொயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியைப் பழைய இரும்பு என்று உடைத்து, உள்ளே நீலமாக ஒளிர்ந்த பொடியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. 2010-இல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையிலும் ஒருவர் அப்படி உயிர்விட்டார். சின்னத்தைப் பார்த்தால் தொடாதே, தள்ளிப் போ, பெரியவரிடம் சொல் என்ற மூன்றும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஆகஸ்ட் வந்தால் காற்று மாதம், டம்புகள் புகைய ஆரம்பித்துவிடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குப் பிறகு மண்டபத்தைக் கொடுங்கள். ரேடான் அளக்கும் டப்பிகளை வாங்கும் செலவில் முதல் சிலவற்றை நானே ஏற்றுக்கொள்கிறேன். தமிழ் வகுப்பு நடக்கும் அறையிலும், மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில் ஐயர் நாள் முழுக்க உட்காரும் அறையிலும் முதலில் வைப்போம். கூபெர்க் மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களையும் தவறாமல் கூப்பிடுங்கள். அக்கறை இருப்பதால்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், தூசிக் கடிதத்துக்கும் முதலில் வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
லெனேசியாவில் உங்களில் ஒருத்தி